தொடாமலே சுடும் மின்சாரம்

(திருத்தணி ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மின்கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. தொடாதவரையும் மின்சாரம் சுட்டுவிடக்கூடும்.

வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிக்கும் ஒளியை யாவரும் கண்டிருப்பீர்கள். இடைவெளியிலுள்ள காற்றின் வழியே மின்சாரம் பாய்வதால் அவ்வொளி எழுகின்றது. இதற்கு மின்வில் என்று பெயர். பட்டறைக்காரர் முகமூடியும் கையுறையும் அணிந்து அதனிடம் வேலை வாங்குகிறார். அதே மின்வில் பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டியிலோ, டிரான்ஸ்பார்மரிலோ எதிர்பாராமல் மூண்டால், அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பையும் விஞ்சக்கூடும். செம்பு ஆவியாகிச் சிதறும். கணப்பொழுதில் முகமும் கையும் வெந்துபோகும். கண் பார்வையும் கெடலாம்.

ஒரு கிணற்றடியில், பியூஸ் அடிக்கடி போகிறதென்று செம்புக் கம்பிகளை முறுக்கித் தடிமனாகக் கட்டியிருந்ததைக் கண்டேன். பழுது நேர்ந்தால் தான் எரிந்து நம்மைக் காப்பதே பியூஸின் வேலை. எரியாத பியூஸ் காவல் காக்காது. மூண்ட மின்வில் நீடித்து எரியவே அது வழி செய்யும். ஆகையால் அளவான கம்பியையே இடுங்கள். மோட்டார் ஓடும்போது பியூஸைப் பிடுங்காதீர்கள். முதலில் மோட்டாரை நிறுத்தி, பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பின்னரே கை வையுங்கள். 11,000 வோல்ட் வந்திறங்கும் டிரான்ஸ்பார்மரில் மின்வாரியப் பணியாளரைத் தவிர வேறு எவரும் ஏறலாகாது. புகார் கூற மின்னகத்தின் 94987 94987 என்ற எண் உள்ளது.

வீட்டில் பிளக் தளர்ந்து கருகினாலோ, சுவிட்சில் பொறி பறந்து நாற்றம் வந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். மின்கசிவு தடுப்பான் அதிர்ச்சியிலிருந்து காக்கும். தளர்ந்த இணைப்பின் பொறியை அது தடுப்பதில்லை. மின்சாரத்தால் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், மெயினை அணைத்து மணலைக் கொட்டுங்கள்.

திருவிழாக் காலத்திலோ மேலே செல்லும் கம்பியே பேராபத்து. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். நம் ஊர்களிலும் தேர் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு அலங்கார வளைவுகள் எழும்புகின்றன. உயரப் பாரம் ஏற்றிய கரும்பு வண்டிகளும் செல்கின்றன. கம்பியை மிக நெருங்கினாலே மின்சாரம் தாவக்கூடும்.

எனவே தேர் நகருமுன், பந்தல்கால் நடுமுன், அவ்வழியில் மின்சாரத்தை நிறுத்துமாறு மின்வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்பதென ஒவ்வொரு ஊராட்சியும் வரும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேர இருட்டை ஊர் பொறுத்துக்கொள்ளும்.