ஒத்தெல்லோவை அழித்தது பொறாமை மட்டுமா?



ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தைப் படிக்காத தமிழர்கள் பலருக்கும் அதன் கடைசிக் காட்சி தெரியும். 1963ல் வெளிவந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் கல்லூரி மேடையில் அதை ஆங்கிலத்திலேயே நடித்துக் காட்டினார்கள். அந்த ஒரு காட்சியை மட்டும் பார்த்தவர்கள், "சந்தேகப் பேர்வழி, பொறாமையால் கெட்டான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இலக்கியத் தேர்வு எழுதும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரு பாத்திரத்தைப் புரிந்துகொள்ள, "இவன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "இவன் எங்கே நிற்கிறான்?" என்றும் கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

நாடகம் வெனிஸ் நகரில் தொடங்குகிறது. ஒத்தெல்லோ அந்த ஊர்க்காரன் அல்லன். கறுப்பு நிறத்தவன், வெனிஸின் படைகளை நடத்தும் தளபதி. பிரபான்ஷியோ என்ற பெரிய மனிதர் அவனை அடிக்கடி வீட்டுக்கு அழைத்துப் போர்க்கதைகள் கேட்பார். ஆனால் மகள் டெஸ்டிமோனா அவனை மணந்துகொண்டாள் என்றதும், "மருந்து வைத்து மயக்கிவிட்டான்" என்று ஆட்சி மன்றத்துக்கு ஓடுகிறார். விருந்துக்கு வரலாம், மருமகனாக வரக்கூடாது! இந்த மனநிலையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அங்கே ஒத்தெல்லோ என்ன செய்தான்? கோபப்படவில்லை. "அவளை அழைத்து வாருங்கள், அவளே சொல்லட்டும்" என்றான். அவள் வந்தாள், பேசினாள், பழி நீங்கியது. வெனிஸில் மன்றம் இருந்தது. குற்றம் சாட்டினால் ஆதாரம் கேட்டார்கள்.

அடுத்து அவர்கள் போய்ச் சேரும் இடம் சைப்ரஸ், ஒரு ராணுவத் தீவு. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது 1565ல் வெளியான சின்தியோ என்ற இத்தாலியரின் நூலிலிருந்து. அதில் கப்பல் அமைதியான கடலில் சைப்ரஸ் போய்ச் சேர்கிறது, போரும் இல்லை. துருக்கியக் கடற்படையையும் பெரும் புயலையும் சேர்த்தவர் ஷேக்ஸ்பியர். புயலில் எதிரிக் கப்பல்கள் அழிந்துபோகின்றன. போருக்கென்று வந்த வீரனுக்குப் போர் இல்லை. கையில் அதிகாரம் மட்டும் மிஞ்சுகிறது.

இந்த இடத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. நாடகம் எழுதப்பட்டது சுமார் 1603, 1604ல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1571ல், சைப்ரஸ் துருக்கியரிடம் வீழ்ந்துவிட்டது. விவரமறிந்த ரசிகர்களுக்கு அது தெரியும்.

இதை உணர நாம் வெகுதூரம் போக வேண்டாம். நான் வசிக்கும் புக்கிட் பாத்தோக்கில் ஒரு குன்று இருக்கிறது. 1942ல் ஜப்பானியர்கள் போர்க்கைதிகளை வைத்து அதன்மேல் சியோனான் சூரெய்தோ நினைவுச் சின்னத்தைக் கட்டினார்கள். 1945ல் அது இடிக்கப்பட்டது. ஏறிச்செல்லும் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. பிரிட்டிஷார் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலையும் அந்த வட்டாரத்தில்தான். 1941ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டு விருந்தோடு ஒரு நாடகம் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சிரிப்பொலி கேட்கும்போதே நமக்கு வயிறு கலங்கும். வசனம் சொல்லாததை இடம் சொல்லிவிடுகிறது.

சைப்ரஸில் ஒத்தெல்லோவே ஆளுநர். மேல்முறையீடு செய்ய மன்றம் இல்லை. டெஸ்டிமோனா அங்கே தன் வீட்டை விட்டு விலகியிருக்கிறாள். கூட இருக்கும் எமிலியாவோ இயாகோவின் மனைவி. அந்த இயாகோ, "எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியும்" என்கிறான். வெளியூர்க்காரனான ஒத்தெல்லோவால் அதை மறுக்க முடியவில்லை. எமிலியா சத்தியம் செய்து மறுத்தும் அவன் நம்பவில்லை. ஒரு கைக்குட்டை சாட்சியாகிறது. கேசியோவைக் கூப்பிட்டு அவன் கேட்கவே இல்லை. கடைசி இரவில் டெஸ்டிமோனா, "அவரை வரவழைத்துக் கேளுங்கள்" என்று கெஞ்சுகிறாள். வெனிஸில் இவன் கேட்ட அதே நியாயம்! தனக்குக் கிடைத்ததை அவளுக்குத் தர மறுக்கிறான்.

நம் சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். புகாரில் கோவலன், மாசாத்துவானின் மகன். அங்கே அவனைத் திருடன் என்றால் ஊரே சிரித்திருக்கும். மதுரையில் அவனுக்காகப் பேச அரசவையில் ஒருவருமில்லை. கைக்குட்டைக்குப் பதில் சிலம்பு, இயாகோவுக்குப் பதில் பொற்கொல்லன். விசாரிக்காத மன்னன் ஆணையிட்டான்.

அப்படியானால் இடத்தின்மேல் பழியைப் போட்டு ஒத்தெல்லோவை விட்டுவிடலாமா? கூடாது. அவனே தன்னை விட்டுவிடவில்லை. உண்மை தெரிந்ததும் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறான். கேட்டுப் பார்க்கும் வழி அந்தத் தீவிலும் இருந்தது. தடுக்க ஆளில்லாத இடத்தில் அவன் அந்த வழியில் போகவில்லை. குணமும் இடமும் சேர்ந்தே அவனை வீழ்த்தின.

மாணவர்களே, விடைத்தாளில் "பொறாமை" என்று எழுதுங்கள், தவறில்லை. அடுத்த வரியில் சைப்ரஸையும் எழுதுங்கள். பெரியவர்களே, திருமணமாகி ஊர்விட்டு ஊர் வந்து, பேச ஆளில்லாமல் நம் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பற்றி யாராவது ஒன்று சொன்னால், முதலில் அவர்களையே கேளுங்கள்.