வைரத் தோடும் கலைக்களஞ்சியமும்

(சபையின் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பெண்ணுக்கு வைரத் தோடு என்றால் நாம் எப்பாடுபட்டாவது பணம் சேர்த்துவிடுவோம். 1918-ல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணிக்கும் எட்டாவது பிறந்தநாளில் வைரத் தோடு கொடுக்க வந்தார்கள். தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கிக் கொடுங்கள் என்றாராம் அந்தக் குழந்தை. (மாமிகள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது!)

சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, 1940-ல் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே எதை ஆராய்ந்தார் தெரியுமா? வைரங்களை! ஒரு நிறமாலைப் படம் பதிய பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்கும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. இத்தனை உழைத்தும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-ல் திரும்பி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். 1963-ல் நம்மூர் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய அந்தக் காலகட்டத்தில், அங்கே வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தவரும் அவரே. 2001-ல் இதே திருவனந்தபுரத்தில் காலமானார்.

பிளஸ் டூ குழந்தைகளே, அவர் பெங்களூருக்கும் லண்டனுக்கும் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு 2007-ல் தொடங்கி இப்போது வலியமலையில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.டி., 2008-ல் தொடங்கி இப்போது விதுராவில் இருக்கும் ஐசர். முன்னதில் பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். பின்னதற்குத் தனி நுழைவுத் தேர்வு. விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே, "இதைப் படித்தால் உடனே வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, முதலில் குழந்தையை ஒரு நாள் தும்பா மியூசியத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.