உத்தம ஆர்ஜவம்



தசலட்சணப் பருவத்தின் மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவத்திற்கு உரியது. மனம், மொழி, மெய் மூன்றும் ஒன்றுபட்டு நிற்பதே ஆர்ஜவம். அவை வேறுபட்டு நிற்பது மாயை என்னும் கஷாயம்.

1956-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ட்வென்டி ஒன்’ என்னும் வினாவிடைப் போட்டி புகழ்பெற்றிருந்தது. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர், விடை தெரிந்திருந்தும், தயாரிப்பாளர் பணித்தவாறு தவறாகக் கூறித் தோற்றார். அவரை வென்ற கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரனுக்கோ விடைகள் முன்னரே அளிக்கப்பட்டிருந்தன. அவர் பெற்ற பரிசு 1,29,000 டாலர். மக்கள் கண்ட சிந்தனையும் தயக்கமும் ஒத்திகை பார்த்த நடிப்பே.

விசாரணை நடுவர் குழுவின் முன்னும் பொய்யுரைத்த வான் டோரன், 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். உறுப்பினர் பலர் அவரைப் பாராட்டினர். ஸ்டீவன் டெரௌனியன் என்னும் உறுப்பினரோ, இத்தகைய அறிவுடையவர் உண்மை பேசியதற்குப் பாராட்டுத் தகாது என்றார். 1960-இல் இம்மோசடியைத் தடுக்கும் சட்டம் பிறந்தது.

சட்டம் செய்தவரையும் செய்வித்தவரையும் தண்டிக்கும். ஜின அறமோ உடன்பட்டவரையும் வினைக்கு உரியவராக்கும். தேர்தல் மேடையில் தமக்கு உகந்த தலைவர் பொய்யுரைக்கிறார் என அறிந்தும் கைதட்டுவோர் அவ்வினையில் பங்கு கொள்கின்றனர். வாய்மை அருஞ்செயலாகப் போற்றப்படும் நாட்டில் பொய் வழக்கமாகிவிட்டது என்பதே பொருள். இல்லறத்தார் ஏற்கும் சத்திய அணுவிரதம் அவ்வழக்கத்திற்கு உடன்படாமையே ஆகும்.