248 மில்லியன் டாலர் மனிதர்: மூத்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் நான் வழக்கமாக உட்காரும் இடம் வேறு. கேள்விகளை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது" என்று மற்றவர்களை அவசரப்படுத்துவதுதான் என் வேலை. இன்று எனக்கே மணி அடிக்கப்போகிறார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய தலைப்பு, அதிகச் சம்பளம் வாங்கும் மூத்த ஆட்டக்காரரை ஒரு குழு என்ன செய்ய வேண்டும் என்பது. நண்பர்கள் காற்பந்தைப் பற்றிப் பேசினார்கள். நான் பேஸ்பாலைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு அந்த ஆட்டத்தின் அடிப்படை தெரிந்திருக்கும். எனக்கு அது இரவுப் பணியில் அறிமுகமானது. நமக்கு விடியற்காலை என்றால் அமெரிக்காவில் மாலை. திரையில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை முதலில் தூக்கத்தை விரட்டத்தான் பார்த்தேன். பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

என் கதாநாயகர் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவின் மிகுவேல் கேப்ரேரா. வெனிசுவேலா நாட்டில் மரக்காய் நகரில் 1983-இல் பிறந்தவர். இருபது வயதில், 2003-இல், ஃபுளோரிடா மார்லின்ஸ் குழுவோடு உலகத் தொடரை வென்றவர். 2007 டிசம்பரில் டெட்ராய்ட் அவரை வாங்கியது. 2012-இல் அவர் செய்த சாதனையைக் கேளுங்கள். அடிக்கும் விகிதம், ஹோம்ரன், ஓட்டங்களைக் கொண்டுவருவது ஆகிய மூன்றிலும் தம் லீக்கில் முதலிடம் பிடித்தார். 44 ஹோம்ரன், 139 ஓட்டங்கள். இந்த மும்மகுடத்தை அதற்கு முன் ஒருவர் சூடியது 1967-இல். அதாவது 45 ஆண்டுகள் யாராலும் முடியாததை அவர் செய்தார். அந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

இப்போது 2014 மார்ச் மாதத்துக்கு வாருங்கள். கேப்ரேராவின் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி இருந்தன. அவசரம் எதுவும் இல்லை. ஆனாலும் குழு மேலும் எட்டு ஆண்டுகளுக்கு, 2016 முதல் 2023 வரை, 248 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. கையெழுத்துப் போடும்போது அவருக்கு 31 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடியும்போது நாற்பது.

குழு ஏன் அப்படிச் செய்தது? உரிமையாளர் மைக் இலிட்ச், லிட்டில் சீசர்ஸ் பீட்சா நிறுவனத்தைத் தொடங்கியவர். எண்பதைத் தாண்டிய முதியவர். உலகத் தொடரை வெல்ல வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. 2012-இல் இறுதி வரை போய், சான் ஃபிரான்சிஸ்கோவிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். அதே 2014 மார்ச்சில் அவர்களுடைய சிறந்த பந்து வீச்சாளர்களில் ஒருவரான மேக்ஸ் ஷெர்ஸர், ஆறு ஆண்டுகளுக்கு 144 மில்லியன் தருகிறோம் என்ற பேச்சை ஏற்கவில்லை. ஒருவர் கைநழுவிப் போகிறார் என்றதும் இன்னொருவரை இறுகப் பிடித்துக்கொள்ளும் மனம் வருவது இயல்புதானே. அப்படித்தான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தடுத்து ஒரே வாரத்தில் இரண்டு செய்திகளும் வந்ததைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பிறகு என்ன ஆயிற்று? 2016-இல் கேப்ரேரா 38 ஹோம்ரன் அடித்தார். வாங்கிய சம்பளத்துக்குக் குறையில்லை. 2017-இல் அது 16 ஆகக் குறைந்தது. 2018-இல் கையின் தசைநார் அறுந்து, 38 ஆட்டங்களோடு அந்த ஆண்டு முடிந்தது. பின்னர் முழங்கால் படுத்தியது. எட்டு ஆண்டு நீட்டிப்பில் அவர் அடித்த மொத்த ஹோம்ரன் 103. முதல் ஆண்டை எடுத்துவிட்டால் மீதி ஏழு ஆண்டுகளுக்கு 65 மட்டுமே. ஆண்டுக்கு 28 மில்லியனில் தொடங்கிய சம்பளமோ 30, 32 என்று ஏறிக்கொண்டே போனது. உடம்பு இறங்க இறங்க ஊதியம் ஏறியது.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான். ஆட முடியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினாலும் முழுச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும். தவிர, பத்தாண்டு அனுபவமும் அதில் ஒரே குழுவில் தொடர்ந்து ஐந்தாண்டும் உள்ளவரை, அவர் சம்மதம் இல்லாமல் வேறு குழுவுக்கு மாற்ற முடியாது. நல்ல விதி. மனிதரை மூட்டை போல் தூக்கி எறிய முடியாது. ஆனால் கேப்ரேராவே சம்மதித்தாலும், அந்தச் சம்பளத்தோடு அவரை வாங்க யார் வருவார்கள்?

"பார்த்தீர்களா, முப்பது வயதுக்கு மேல் யாருக்கும் நீண்ட ஒப்பந்தம் தரக்கூடாது" என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். டெட்ராய்ட்டை விட்டுப் போன ஷெர்ஸரைப் பாருங்கள். 2015-இல் வாஷிங்டன் குழு ஏழு ஆண்டுகளுக்கு 210 மில்லியன் கொடுத்து அவரை எடுத்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது பெற்றார். 2019-இல் அந்தக் குழு உலகத் தொடரை வென்றது. கொடுத்த காசு வீண் போகவில்லை.

இன்னொருவர் ஜஸ்டின் வெர்லாண்டர். டெட்ராய்ட்டிலேயே வளர்ந்த பந்து வீச்சாளர். 2017-இல் அவருக்கு வயது 34. சுமாராகத்தான் வீசிக்கொண்டிருந்தார். குழுவும் தோற்றுக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் உரிமையாளர் இலிட்ச் காலமானார். அவர் போன பிறகு பணத்தை வாரி இறைக்கும் காலமும் முடிந்தது. ஆகஸ்ட் 31, நள்ளிரவுக் கெடு. கடைசி நொடிகளில்தான் வெர்லாண்டர் சம்மதித்து, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு மூன்று இளைஞர்கள் கிடைத்தார்கள். அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டும் பொறுப்பும் டெட்ராய்ட்டிடமே தங்கியது.

அடுத்த மாதமே ஹூஸ்டனுக்காக ஐந்து ஆட்டங்களில் வீசி ஐந்திலும் வென்றார். அந்த ஆண்டு உலகத் தொடர் ஹூஸ்டனுக்கு. (அந்த வெற்றியின் மேல் எதிரணியின் சைகைகளைத் திருடிய கறை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் லீக் அதற்குத் தண்டனையும் விதித்தது.) பிறகு 2019-இல் ஒரு சை யங் விருது. முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி, 2022-இல் 39 வயதில் இன்னொன்று. டெட்ராய்ட்டுக்கு வந்த மூவரில் மிகவும் எதிர்பார்க்கப்பட்ட இளைஞர் காயங்களால் முதல்நிலை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பந்து பிடிப்பவரான ஜேக் ரோஜர்ஸ் மட்டுமே நிலைத்தார்.

ஒரே குழு, ஒரே காலம். தேய்ந்துவிட்டார் என்று அனுப்பியவர் இரண்டு விருது வாங்கினார். இன்னும் பத்தாண்டு ஆடுவார் என்று கட்டிப்போட்டவர் இரண்டே ஆண்டில் தளர்ந்தார். மனித உடம்பை முன்கூட்டியே கணக்குப் போட முடியவில்லை என்பதுதான் இதில் தெரிகிறது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? என் கருத்தைச் சொல்கிறேன். ஆட்டக்காரரின் வயதைப் பார்ப்பதற்கு முன், குழு தன் காலத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெல்லக்கூடிய நிலையில் இருக்கிறோமா? இருக்கிறோம் என்றால் மூத்தவரை வைத்துக்கொள்ளுங்கள், கைவசம் உள்ள ஒப்பந்தம் முடியும் வரை. அதற்கு மேல் முந்திக்கொண்டு ஆண்டுகளைக் கூட்டாதீர்கள். டெட்ராய்ட் செய்த பிழை கேப்ரேராவை நம்பியது அல்ல. இரண்டு ஆண்டு முன்னதாக நம்பியது. 2014 முடிவில் அவருக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை. 2015-இல் கெண்டைக்கால் காயம். அந்த ஆண்டும் அடிக்கும் விகிதத்தில் அவரே லீக்கில் முதல்வர் என்பது வேறு. பழைய ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருந்தால், அந்த 2015-இன் முடிவில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். அப்போதும் அவரை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் எட்டு ஆண்டு கொடுத்திருக்க மாட்டார்கள்.

வெல்லும் நிலையில் இல்லை என்றால், அதையும் மனம் துணிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 ஜூலையில் டெட்ராய்ட் சில பெரிய ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு இளைஞர்களை வாங்கியது. அவர்களில் ஒருவரான மைக்கேல் ஃபுல்மர் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம் ஆனார். சரி, புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பார்த்தால், அடுத்த சில மாதங்களில் நூறு மில்லியனைத் தாண்டும் இரண்டு ஒப்பந்தங்களை மீண்டும் போட்டார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வெர்லாண்டரை அனுப்பும் முடிவை நான் குறை சொல்லவில்லை. தோற்கும் குழுவில் அவரை முடக்கி வைப்பது அவருக்கே அநியாயம். இன்னும் முன்னதாக அவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கலாம் என்பதுதான் என் குறை. 2019-இல் டெட்ராய்ட் 114 ஆட்டங்களில் தோற்றது. 2014-க்குப் பிறகு அது வெற்றியாளர் சுற்றுக்குத் திரும்ப 2024 வரை ஆயிற்று.

இதுவரை முதலாளி பக்கத்துக் கணக்குப் பேசினேன். இப்போது மறுபக்கம்.

முப்பது மில்லியன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று கேப்ரேராவை ஏசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த லீக்கில் ஆறு ஆண்டுகள் முடியும் முன் ஓர் ஆட்டக்காரர் தாமாக வேறு குழுவுக்குப் போக முடியாது. பெரும்பாலோருக்கு முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2021-இல் அது 570,500 டாலர். 99 நாள் கதவடைப்புக்குப் பிறகு 2022-இல்தான் 700,000 ஆனது. நமக்கு அது பெரிய தொகை. ஆனால் உடம்பு உச்சத்தில் இருக்கும் அந்த வயதில் அவர்கள் குழுவுக்கு ஈட்டித் தருவது அதைவிடப் பல மடங்கு. இளமையில் குறைத்துக் கொடுத்துவிட்டு, நடுவயதில் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தவர்கள் முதலாளிகள். பிறகு "வயதானவருக்கு இவ்வளவா" என்று வியப்பதும் அவர்களே.

இதை நான் வேகமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்த கையோடு ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் அழைப்போம். ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைப்பது, ழகரத்தை எப்படி உச்சரிப்பது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு வருட இறுதியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவருடைய நிகழ்ச்சி எனக்குக் கொடுக்கப்பட்டது. அவர் வாங்கியதில் பாதிகூட எனக்குச் சம்பளம் இல்லை. அன்று எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். அவர் என்னிடம், "கவலைப்படாதேம்மா, நல்லா செய்" என்றார். யாருக்குக் கவலை இருக்க வேண்டிய நேரம் அது!

இன்று எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆண்டு இறுதியில் ஒப்பந்தத் தாள் வரும்போது அவர் நினைவு வருகிறது. வர்த்தகக் கணக்குப்படி அந்த நிறுவனம் செய்தது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவரை அழைத்து உட்கார வைத்து, "உங்கள் எண்ணம் என்ன?" என்று ஒரு முறை கேட்டிருக்கலாம். பேஸ்பாலில் அந்தப் பத்தாண்டு விதி கட்டாயப்படுத்திக் கேட்க வைப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

நெறியாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். கேப்ரேராவின் கதையை முடித்துவிடுகிறேன்.

2021 ஆகஸ்டில் அவர் 500-வது ஹோம்ரனை அடித்தார். 2022 ஏப்ரல் 23-ஆம் தேதி சொந்த அரங்கமான கொமெரிக்கா பார்க்கில் 3,000-வது அடி. இரண்டு இலக்குகளையும் எட்டியவர்கள் பேஸ்பால் வரலாற்றில் அவரையும் சேர்த்து ஏழே பேர். 248 மில்லியனில் இதற்கு எவ்வளவு கழிப்பது என்று கணக்காளரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. அன்று அரங்கில் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற தகப்பனைக் கேட்டால் வேறு பதில் வரும். வர்த்தகத்தில் அந்த ஒப்பந்தம் பிழை என்று சொன்ன நானேதான் இதையும் சொல்கிறேன்.

2023 அக்டோபர் முதல் தேதி அவருடைய கடைசி ஆட்டம். அடிக்க மட்டுமே இறக்கப்பட்டு வந்த அவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு எட்டாவது சுற்றில் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் தளத்தில் போய் நின்றார். வந்த முதல் பந்தே தரையோடு உருண்டு அவரிடம் போனது. குனிந்து எடுத்தார், தளத்தை மிதித்தார், எதிரணிக்காரர் ஆட்டமிழந்தார். உடனே அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது.