நாற்பது பேரின் பதிலும் ஒரே நேரத்தில்



தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் 'ரேடியோ நெல்' என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு இன்னும் நினைவிருக்கும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களில் வெளியிட்ட ஏடிடி 27 என்ற ரகத்துக்கு டெல்டா விவசாயிகள் வைத்த பெயர் அது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாக ஊர் ஊராகப் பரவியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் வானொலிக்கு ஒரு குறை உண்டு. நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். உங்களுக்குப் புரிந்ததா என்பது எனக்குத் தெரியாது. இதற்கு ஒரு வழியை வானொலிக்காரர்கள் 1956இலேயே கண்டார்கள். புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் மக்கள் குழுவாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டார்கள், தங்களுக்குள் பேசினார்கள், சந்தேகங்களை எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பினார்கள். பதில் பின்னால் வந்த நிகழ்ச்சிகளில் கிடைத்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அங்கே ஆசிரியருக்கு எல்லார் முகமும் தெரிகிறது. ஆனாலும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது சார்" என்று நாற்பது பேர் வகுப்பும் ஒரே குரலில் சொல்கிறது. கேள்வி கேட்டால் வழக்கமாகத் தூக்குகிற நாலு கைதான் மேலே வருகிறது. மீதி முப்பத்தாறு பேர் மனசில் என்ன இருக்கிறது என்பது பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் அடுத்த பாடம் தொடங்கியிருக்கும்.

இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்துவிட்டன. 2018இல் தொடங்கி வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. செல்போனைக் காட்டினால் காணொளி ஓடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையில் படம் ஓடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால், அது வெளிச்சம் கூடிய கரும்பலகை, அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையின் பதிலும் ஆசிரியரிடம் திரும்பி வந்தால்தான் அந்தக் கருவிக்கு மதிப்பு.

அப்படித் திரும்பி வரவைக்கும் செயலிகள் பல உண்டு. நார்வேயில் பிறந்த கஹூட், சுவீடனின் மென்டிமீட்டர், 2015இல் பெங்களூரில் குவிசிஸ் என்ற பெயரில் தொடங்கிய செயலி. திரையில் கேள்வி வரும், பிள்ளைகள் ஆளுக்கொரு கருவியில் பதிலைத் தட்டுவார்கள். ஆனால் ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆளுக்கொரு கருவிக்கு எங்கே போவது?

பிளிக்கர்ஸ் என்ற முறை இதற்கு உதவும். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு காகித அட்டை. அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்ட வடிவம், நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடை சரி என்று படுகிறதோ, அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால், யார் என்ன சொன்னார் என்பது போனில் வந்துவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு. பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? அட்டைகள் எழுகின்றன. பாதி வகுப்பு நான்கில் ஒன்றுதான் பெரிது என்கிறது. மூன்றைவிட நான்கு பெரிய எண் அல்லவா! இந்த இடத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிட்டால் போச்சு. பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்ல வேண்டும். ஒரு ஏக்கரை மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 33 சென்ட், ஏறக்குறைய ஒரு மா. நாலு பேர் பிரித்தால் 25 சென்ட். "சித்தப்பாவுக்கும் சேத்துப் பிரிச்சா நமக்குக் கொறையும்ல?" என்று ஒரு பெண் கேட்பாள். மறுபடி அட்டையைத் தூக்கச் சொன்னால், பலர் திருப்பிப் பிடிப்பார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவதும் இதைத்தான். முதலில் தனியாக யோசி, பதில் சொல், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு, மறுபடி பதில் சொல். பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் மேலே போகலாம். மிகச் சிலரே சொன்னால் பாடத்தை வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால், பிள்ளைகளையே பேசவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில செயலிகள் யார் வேகமாகச் சொன்னார் என்று பார்த்துத் திரையில் வரிசைப்படுத்திக் காட்டும். நிதானமாக யோசிக்கிற பிள்ளை அதில் கடைசியில் நிற்கும், அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு எதையோ தட்டும். வகுப்புக்கு மொத்தக் கணக்கை மட்டும் காட்டுங்கள். பெயர்கள் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கரண்ட் போய்விட்டதா? நெட் கிடைக்கவில்லையா? ஆளுக்கொரு சிலேட்டில் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லுங்கள். பெயர்வாரிக் கணக்கு கிடைக்காது, ஆனால் வகுப்பு எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

அட்டையோ சிலேட்டோ, கஷ்டமான வேலை கேள்வி தயாரிப்பதுதான். தவறான விடைகளும் பிள்ளைகள் நிஜமாகவே நினைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். இதை ஒருவர் தனியாகச் செய்து மாளாது. ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களுக்கு ஆளுக்கொரு கேள்வியோடு வரலாம், தன் வகுப்பில் பாதிப் பேர் தவறாகச் சொன்ன கேள்வி. மா, குழி என்ற நில அளவுகளும் குறுவை, தாளடி என்ற நெல் பருவங்களும் தெரிந்த பிள்ளைகளுக்கான கேள்விகளை, அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களைவிட நன்றாக யாரால் எழுத முடியும்?