சிறு திடலில் பெரு விமானம்

டகோட்டா என்னும் பெயரை நேயர்களுள் மூத்தோர் சிலரேனும் கேட்டிருப்பர். மூக்கை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, வானத்தை அண்ணாந்து நோக்கும் பாவனையில் தரைமேல் நிற்கும் இரட்டை எஞ்சின் விமானம் அது. அதன் மூல வடிவமாகிய டி.சி.-3, அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் உலகெங்கும் பரவியது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 95 அடி. எஞ்சின் ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி. சரக்கோடு புறப்படுங்கால் ஏறக்குறைய 12 டன் எடை. இத்துணைப் பெரிய வாகனம், மாட்டு வண்டிகூடத் தயங்கும் ஒரு மலைத் திடலில் எவ்வாறு வந்து இறங்கிற்று, இறங்கியபின் எவ்வாறு மீண்டும் எழும்பிற்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வகை இடங்களை எப்படிக் குறிப்பது என்பது எப்போதும் ஒரு சங்கடம். ‘விமான நிலையம்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் கட்டடமும் கண்ணாடியும் சிற்றுண்டிச் சாலையும் தோன்றிவிடும். ‘ஓடுபாதை’ என்றாலோ தார் போட்ட நீண்ட சாலை தோன்றும். நாம் சொல்ல வந்த இடங்களில் இவை ஒன்றும் இல்லை. கல் பொறுக்கி, மேடு வெட்டி, பள்ளம் தூர்த்த தரை ஒன்றுதான் உண்டு. ‘இறங்குதிடல்’ என்று வைத்துக்கொள்வோம். குறையுள்ள சொல்தான்; விமானம் அங்கிருந்து ஏறவும் வேண்டுமே!

விமானம் தரையைத் தொடும்போது அதன் வேகம் எவ்வளவு குறைவாக உள்ளதோ, அவ்வளவு குறுகிய இடம் அதற்குப் போதும். டகோட்டாவின் அகன்ற இறக்கை, மணிக்கு எழுபது மைல் அளவுக்கு வேகம் குறைந்த நிலையிலும் விமானத்தைத் தாங்கி நிற்கவல்லது. இதோடு சுழல்விசிறியின் உதவி ஒன்றும் உண்டு. விசிறி தள்ளும் காற்று நேராக இறக்கையின் மேல் வீசுவதால், எஞ்சின் வேகத்தைக் கூட்டிய அக்கணமே தாங்கும் சக்தியும் கூடுகிறது. பழைய ஜெட் விமானங்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றின் எஞ்சின்கள் முழு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். மலைச் சரிவில் அந்தச் சில விநாடிகள் கிடைப்பது அரிது. ஆகவே, அனுபவமுள்ள விமானி மூக்கைச் சற்றே உயர்த்தி, எஞ்சின் சக்தியிலேயே விமானத்தைத் தொங்கவிட்டாற்போல மெல்லக் கொண்டுவந்து, திடலின் விளிம்பைக் கடந்ததும் சக்தியைக் குறைப்பார். சக்கரங்கள் தொப்பென்று தரையைத் தொடும். பார்ப்பவர்க்கு அது அழகான இறக்கமாகத் தோன்றாது. ஆனால் நூறு கஜம் மிச்சமாகும். அந்த நூறு கஜத்தில்தான் உயிர் இருக்கிறது.

வால் சக்கரம் படிந்தவுடன் விமானியின் கண்ணெதிரே விமானத்தின் மூக்குத்தான் தெரியும், வழி தெரியாது. பக்கவாட்டுப் பார்வையை நம்பியே விமானத்தை நேராக ஓட்ட வேண்டும். சிறிது வளைந்தாலும் கனத்த பின்புறம் முன்புறத்தைத் தாண்டிச் சுழன்றுவிடும். மலைத்திடல்கள் பலவற்றில் இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒரு முனையில் மலை நிற்கும். ஆகவே காற்று எத்திசையில் வீசினாலும் மேட்டை நோக்கியே இறங்கவும், பள்ளத்தை நோக்கியே கிளம்பவும் வேண்டும். பள்ளத்தாக்கினுள் ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் திரும்புவதற்கு இடமில்லை. இறங்கலாமா, திரும்பிவிடலாமா என்பதை அந்த எல்லைக்கு முன்னரே தீர்மானித்தாக வேண்டும். இத்தொழிலில் மிகக் கடினமான பகுதி இந்தத் தீர்மானமே என்பது நம் கருத்து. கை எவ்வளவு தேர்ந்ததாயினும், காலங்கடந்த தீர்மானத்தை அது காப்பாற்றாது.

இதெல்லாம் நம் நாட்டில் வெறும் வித்தையாக இருந்த காலம் இல்லை. 1947ஆம் ஆண்டு இறுதியில் காஷ்மீரத்துப் பூஞ்ச் நகரம் முற்றுகையில் சிக்கியது. பிரிகேடியர் பிரீதம் சிங் தலைமையில் ஒரு சிறு படை உள்ளே இருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஓடிவந்து புகுந்த அகதிகளோ பல்லாயிரவர். சாலை மூடிக் கிடந்தது. தானியம் குறைந்துகொண்டே வந்தது. வானவழி ஒன்றே எஞ்சியது. ஆனால் இறங்க இடமில்லை.

இடத்தை அகதிகளும் படைவீரர்களுமாகச் சேர்ந்து உண்டாக்கினார்கள். நகரத்து அணிவகுப்புத் திடலையும் அதை ஒட்டிய நிலத்தையும் வெட்டிச் சமன் செய்து, சுமார் 600 கஜ நீளத்துக்கு ஒரு திடலை ஆக்கினார்கள். மூன்று பக்கம் நீரோடை. வந்து இறங்கும் வழியோ செங்குத்து. டிசம்பர் மாதத்தில் ஏர் கமோடர் மெஹர் சிங் முதலில் ஹார்வர்டு என்னும் சிறு விமானத்தில் வந்து இறங்கித் தரையைச் சோதித்தார். அதன்பின் டகோட்டாக்கள் வரத் தொடங்கின. வரும்போது உணவும் மருந்தும் தோட்டாவும். போகும்போது காயம்பட்டோரும் பெண்டிரும் குழந்தைகளும். 1948 மார்ச்சில் திடல் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காகவே, அதற்கு மறுமொழி கூறத்தக்க 25 பவுண்டர் பீரங்கிகளையும் டகோட்டாவே சுமந்து வந்தது. பகலில் வர இயலாதபோது, எண்ணெய் விளக்குகளைத் திடலோரம் வரிசையாக வைத்து இரவிலும் இறங்கினார்கள். முற்றுகை நீங்கியது 1948 நவம்பரில்தான். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரு நகரம் 600 கஜத் தரையைக் கொண்டு உயிர் பிழைத்தது. விமானிகளின் பெயர்கள் பதக்கப் பட்டியலில் உள்ளன. மண் சுமந்த அகதிகளின் பெயர்களை எழுதிவைத்தோர் இல்லை.

பூஞ்சில் இடுக்கண் தரையின் குறுக்கம் என்றால், லடாக்கிலோ அது காற்றின் மென்மை. லே நகரம் ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஏழு பங்குதான். ஆகவே அதே இறக்கை அதே எடையைத் தாங்க, ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகம் வேண்டும். கடல்மட்டத்தில் 70 மைல் வேகத்தில் தரைதொடும் விமானம் லேயில் 84 மைல் வேகத்தில் தொடும். நிற்பதற்கு வேண்டிய நீளமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். விசிறி பிடித்துத் தள்ளுவதற்கும் காற்றுப் போதாது. வேகமானி மட்டும் வழக்கமான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கருவியை நம்பியிருப்பவருக்குத் தரை ஓடிவரும் விரைவு திகைப்பைத் தரும்.

1948ஆம் ஆண்டு பகைவர் லேயை நெருங்கியபோது, மலை கடந்து அங்குச் சேர்ந்திருந்த சிறு படையினரோடு சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியாளரும் இருந்தார். ஊராரைத் துணைகொண்டு சிந்து நதிக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் அவர் ஓர் இறங்குதிடலை அமைத்தார். யந்திரங்கள் இல்லை, மண்வெட்டியும் மனித உழைப்பும்தான். மே 24ஆம் நாள் மெஹர் சிங் டகோட்டாவை ஓட்ட, மேஜர் ஜெனரல் திம்மய்யா உடன் அமர, விமானம் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி, ஜோஜி லா, போட்டு லா கணவாய்களைக் கடந்து லே சேர்ந்தது. அறைக்குள் காற்றழுத்தம் காக்கும் ஏற்பாடு அவ்விமானத்தில் இல்லை. இறக்கையில் பனி உறைவதைத் தடுக்கும் சாதனம் இல்லை. அந்த வழிக்கு நம்பத்தக்க படமும் இல்லை. இறங்கிய விமானத்தைப் பசித்த பிராணி எனக் கருதி ஊரார் புல் கொண்டுவந்து வைத்தனர் என்று லடாக்கில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, திடலைச் சமன் செய்தவர்களும் அதே ஊரார் என்பதைக் கதை சொல்வோர் மறந்துவிடுகின்றனர். நமக்கு அந்தக் கதையில் அவ்வளவு ருசி இல்லை.

அவ்வழித் துருப்புகள் வந்து சேர்ந்தன; லே தப்பியது. லேயில் இறங்கிய டகோட்டாக்கள் எஞ்சினை நிறுத்துவதில்லை. அந்தக் குளிரிலும் மெல்லிய காற்றிலும் நின்ற எஞ்சின் மீண்டும் உயிர்பெறாவிட்டால், அதை இயக்க அங்கு ஒரு சாதனமும் கிடையாது. விசிறிகள் சுழன்றுகொண்டே இருக்க, மூட்டைகள் இறங்கும், ஆட்கள் இறங்குவர். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கும் முன் விமானம் திரும்பிவிட வேண்டும்.

உயரத்தில் லேயையும் விஞ்சியது தௌலத் பேக் ஓல்டி. காரகோரம் கணவாய்க்கு அருகில், 16,600 அடிக்கு மேல் உள்ள அவ்விடத்தில் 1962 ஜூலை 23ஆம் நாள் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே இரட்டை வால் கொண்ட பாக்கெட் விமானம் ஒன்றை இறக்கினார். காற்றின் அடர்த்தி அங்குப் பத்தில் ஆறு பங்குதான். எஞ்சின் பலம் போதாமையால், நம் நாட்டுப் பாக்கெட் விமானங்கள் பலவற்றின் முதுகில் ஒரு ஜெட் எஞ்சினையும் ஏற்றிவைத்தார்கள். காண்பதற்கு விசித்திரமான உருவந்தான். சில ஆண்டுகளில் அத்திடல் கைவிடப்பட்டு, 2008 மே 31ஆம் நாள் ஆண்டனோவ்-32 என்னும் விசிறி விமானம் வந்து இறங்கியபின் மீண்டும் வழக்கிற்கு வந்தது. டகோட்டாவும் பாக்கெட்டும் அதற்குள், 1980களிலேயே, நம் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் அவற்றின் வயதொத்த விமானங்கள், கிராமங்களுக்கும் சுரங்கங்களுக்கும் எண்ணெயும் சரக்கும் சுமந்து, சரளைத் திடல்களில் இந்த நூற்றாண்டிலும் இறங்கியுள்ளன. அங்கே விமானிகள் அஞ்சுவது சரளைக் கல்லுக்கு. நின்ற இடத்தில் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினால், விசிறி கல்லை உறிஞ்சித் தன் அலகையே பழுதாக்கிக்கொள்ளும். ஆகவே உருளத் தொடங்கியபின்தான் சக்தியைக் கூட்டுவர்.

வடகிழக்கு எல்லையில் கதை சற்று வேறு. இன்று அருணாசலப் பிரதேசம் என்று வழங்கும் அந்நிலத்தில் 1950களில் திடல் அமைக்கவும் இடமில்லாத ஊர்கள் மிகுதி. அஸ்ஸாம் சமவெளியிலிருந்து கிளம்பிய டகோட்டாக்கள் அரிசியையும் உப்பையும் வானிலிருந்தே போட்டுச் சென்றன. அரிசிச் சாக்கைப் பெரிய சாக்கு ஒன்றினுள் தளர்வாக வைத்துத் தைப்பார்கள். விழும் அதிர்ச்சியில் உட்சாக்கு கிழிந்தாலும் அரிசி வெளிச்சாக்கில் தங்கும். அரிசியை இப்படிப் போடலாம். நோயாளியை இப்படி ஏற்ற முடியாது. அதற்குத் திடல் வேண்டும்.

மூன்று பக்கமும் மியான்மர் நாட்டால் சூழப்பட்ட விஜயநகர் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. மியாவ் என்னும் ஊருக்கு அங்கிருந்து 157 கிலோமீட்டர். இடையே நாம்தபா வனம். வண்டிப்பாதை இல்லாதபோது அவ்வூரார் இத்தொலைவை நாட்கணக்கில் காட்டினூடே நடந்து கடந்தார்கள். பழுதுற்றிருந்த அவ்வூர்த் திடலைச் செப்பனிட்டு, 2019 செப்டம்பரில் ஆண்டனோவ்-32 விமானத்தை மீண்டும் அங்கே இறக்கினார்கள்.