எந்தப் புத்தகம் வாங்குவது?



மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் பலர் ஹவுசிங் சொசைட்டி கமிட்டியில் பொறுப்பில் இருக்கிறார்கள். கட்டிடப் பராமரிப்பைக் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறார்கள்.

பாடநூல்களில் இரண்டு பிரசித்தம். ஒன்று, 1992-ல் அமெரிக்காவில் வெளிவந்த டேவிட் காட்ஸின் 'ஃபெஸிலிட்டி மேனேஜ்மென்ட் ஹேண்ட்புக்'. மற்றது, 2000-ல் பிரிட்டனில் வந்த அட்கின், புரூக்ஸ் இருவரின் 'டோட்டல் ஃபெஸிலிட்டீஸ் மேனேஜ்மென்ட்'. அன்றாட நிர்வாகத்துக்கு முன்னது; வேலையை நாமே செய்வதா, கான்ட்ராக்டில் விடுவதா என்று தீர்மானிக்கப் பின்னது.

ஆனால் இரண்டுமே ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தை மனத்தில் கொண்டவை. நம் சொசைட்டியிலோ நாற்பது வீட்டுக்கு நாற்பது எஜமானர்கள்! பென்ஷனில் காலம் தள்ளும் மாமியிடம் ரிப்பேர் பணம் கேட்க, சட்டம் தெரிய வேண்டும். எனவே முதலில் மகாராஷ்டிரத்தின் 1960-ம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தையும் மாதிரி பைலாவையும் வாங்குங்கள். 2014 மாதிரி பைலாப்படி, 15 முதல் 30 வயதான கட்டிடத்துக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறையும், 30 தாண்டினால் 3 ஆண்டுக்கு ஒரு முறையும் ஸ்ட்ரக்சரல் ஆடிட் அவசியம்.

சிங்கிங் ஃபண்டுக்கு, கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது கால் சதவிகிதம் என்கிறது பைலா. 1970-ல் 40,000 ரூபாயில் கட்டிய ஃப்ளாட் என்றால் வருஷத்துக்கு 100 ரூபாய். இன்று ஒரு மூட்டை சிமென்டுக்குக்கூடக் காணாது. அடுத்த இருபது வருஷத்தில் குழாய், லிஃப்ட், மொட்டைமாடி எப்போது, என்ன செலவு வைக்கும் என்று கணக்கிட அப்போது காட்ஸின் புத்தகம் கை கொடுக்கும்.

கமிட்டிக்கு ஒரு பிரதி போதும். எல்லோரும் மாற்றி மாற்றிப் படித்து, மழைக்காலத்துக்கு முன்பே ஜெனரல் பாடியில் பேசுங்கள்.